உலோக அடுக்குக்குள் ஒளி எப்படி ஓடுகிறது?

எம்எஸ்சி புராஜெக்ட் செய்யும் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "வெள்ளியும் அலுமினாவும் மாறி மாறி அடுக்கிய பொருளுக்குச் சராசரி விடுதிறனைப் போட்டுப் பார்த்தால் அதிபரவளையம் வருகிறது, எவ்வளவு பெரிய அலை எண் கொண்ட அலையும் உள்ளே ஓடும் என்கிறது. அதே அடுக்கை ஃபோட்டானிக் கிரிஸ்டல் என்று எடுத்து புளோக் தேற்றத்தைப் போட்டால் தடைப்பட்டைகள் வருகின்றன. எது சரி? அதோடு, உலோகம் ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருள்தானே, அதை வைத்து எப்படி ஒளியை ஓட்டுவது?"

புதியவர்களுக்காக முதலில் சொற்கள்: விடுதிறன் என்பது மின்புலத்துக்கு ஒரு பொருள் எப்படி எதிர்வினை செய்கிறது என்று சொல்லும் எண். அலை எண் என்பது குறிப்பிட்ட நீளத்துக்குள் எத்தனை அலைகள் என்பதன் அளவு. ஃபோட்டானிக் கிரிஸ்டல் என்பது ஒரே அமைப்பு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் பொருள், அதில் அலை எப்படிப் போகும் என்று சொல்வது புளோக் தேற்றம், அலை ஓட முடியாத பகுதி தடைப்பட்டை. இனி நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். புளோக் கணக்குதான் எப்போதும் சரி. சராசரிக் கணக்கு அதிலிருந்து பிறந்தது. அடுக்குகள் போதுமான அளவு மெலிதாக இருக்கும்வரை மட்டும் செல்லும். "போதுமான அளவு" என்பது எவ்வளவு என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருந்தால் போதும் என்று எங்கோ படித்துவிட்டு அதை விதியாக வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பொருளுக்கு அந்த விதி ஆகாது. ஏன் என்பதை எண்களோடு காட்டுகிறேன், கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அளவுகோலை எளிதாக்கிக்கொள்வோம். வெற்றிடத்தில் அந்த நிறத்து ஒளிக்கு இருக்கும் அலை எண்ணை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குகளுக்கு இணையாகப் போகும் கூறை பக்க எண் என்றும், அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு போகும் கூறை ஆழ எண் என்றும் சொல்கிறேன். வெற்றிடத்தில் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 1 வர வேண்டும், அதாவது வட்டம். ஒரு பொருளின் மேல் 150 நானோமீட்டர் இடைவெளியில் கோடுகள் இருக்கின்றன, 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்க்கிறோம் என்றால், அந்தக் கோடுகளின் தகவலைச் சுமக்கும் அலையின் பக்க எண் 365-ஐ 150-ஆல் வகுத்தது, சுமார் 2.43. வர்க்கம் 1-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே ஆழ எண்ணின் வர்க்கம் எதிர்மம் ஆகிறது. அந்த அலை ஓடாது, தேயும். கணக்குப் போட்டால் வெறும் 26 நானோமீட்டர் தள்ளிப் போவதற்குள் அதன் வீச்சு 37 சதவீதமாகிவிடும். நுண்நோக்கியின் லென்சுக்கு அது வந்து சேரவே சேராது. விளிம்பு விளைவு எல்லை என்று நாம் சொல்வது இதைத்தான்.

இனி அடுக்குப் பொருள். மூங்கிலை நீளவாக்கில் பிளப்பதும் குறுக்கே வெட்டுவதும் ஒன்றல்ல என்பதைப் போல, அடுக்குப் பொருளுக்கும் திசைக்குத் திசை குணம் வேறு. மின்புலம் அடுக்குகளுக்கு இணையாக இருந்தால் ஒரு விடுதிறன், குறுக்கே இருந்தால் வேறொரு விடுதிறன். இதற்கான சூத்திரங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மின்தேக்கிதான். புலம் இணையாக இருந்தால் பக்க இணைப்பு, அதாவது நேரடிச் சராசரி. புலம் குறுக்கே இருந்தால் தொடர் இணைப்பு, அதாவது தலைகீழ்களின் சராசரி. மெல்லிய அடுக்குகளுக்கு இந்தச் சராசரியை ரைடோவ் என்ற சோவியத் இயற்பியலாளர் 1956-லேயே முறையாக எழுதிவிட்டார்.

எண்களைப் போடுவோம். 365 நானோமீட்டரில் வெள்ளியின் விடுதிறன் சுமார் −2.4 (இழப்பைக் குறிக்கும் கற்பனைப் பகுதி சுமார் 0.25, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்). அலுமினாவுக்கு 3.2 என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் சம தடிமன். இணைத் திசையில் சராசரி 0.4. குறுக்குத் திசையில் மைனஸ் 2.4-இன் தலைகீழும் 3.2-இன் தலைகீழும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், மிஞ்சும் சின்ன எண்ணைத் திருப்பிப் போட்டால் −19.2 வருகிறது. ஒரு திசையில் நேர்மம், இன்னொரு திசையில் எதிர்மம்.

இந்த ஒரு குறி மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் வேர். இப்படி ஒரு திசையில் மட்டும் குணம் வேறாக இருக்கும் ஒருஅச்சுப் பொருளில், டிஎம் அலைக்கு (காந்தப்புலம் அடுக்குகளுக்கு இணையாகக் கிடக்கும் அலை) விதி இதுதான்: ஆழ எண்ணின் வர்க்கத்தை இணை விடுதிறனால் வகுத்து, பக்க எண்ணின் வர்க்கத்தைக் குறுக்கு விடுதிறனால் வகுத்து, இரண்டையும் கூட்டினால் 1. இரண்டு விடுதிறனும் நேர்மமாக இருந்தால் நீள்வட்டம், அதற்குள் அடங்கும் பக்க எண்ணுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. ஒன்று எதிர்மமாகிவிட்டால் கூட்டல் கழித்தலாகிறது, நீள்வட்டம் திறந்துகொண்டு அதிபரவளையமாகிறது, வரம்பு போய்விடுகிறது. பக்க எண் 3-ஐப் போட்டால் ஆழ எண்ணின் வர்க்கம் 0.59 வருகிறது, நேர்மம், அலை ஓடுகிறது. 30 போட்டாலும் ஓடும், 300 போட்டாலும் ஓடும் என்கிறது சூத்திரம். உங்களுக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது, வர வேண்டிய சந்தேகம்தான் அது.

ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். ஆற்றல் போகும் திசை அலை முகம் காட்டும் திசையாக இருக்க வேண்டியதில்லை, அந்த வளைகோட்டுக்குச் செங்குத்தான திசை அது. மேலே எடுத்த எண்களில் அதிபரவளையம் மிகத் தட்டையாக இருக்கிறது. அதனால் பக்க எண் 2 ஆனாலும் 3 ஆனாலும் ஆற்றல் எல்லாம் அடுக்குகளுக்குக் குறுக்கே, செங்குத்திலிருந்து 8 பாகைக்குள் நேராகக் கீழே இறங்குகிறது. அது மட்டும் இல்லை, பக்கவாட்டில் ஆற்றல் சாயும் திசை பக்க எண்ணுக்கு எதிர்த்திசை. எதிர்ம விடுதிறனோடு எதிர்மக் காந்த உட்புகுதிறனும் சேர்ந்த பொருளை 1960-களின் கடைசியில் வெசெலாகோ கற்பனை செய்தார், அதில் ஒளி தப்பான பக்கம் விலகும் என்றார். இங்கே காந்த குணம் எதுவுமே இல்லாமல் ஒளி தப்பான பக்கம் விலகுகிறது. பிரின்ஸ்டனில் கிளேர் க்மாக்ல் குழுவினர் 2007-இல் இதைக் குறைக்கடத்தி அடுக்குகளிலேயே, நடு அகச்சிவப்பில் செய்து காட்டினார்கள். உலோகமே வேண்டாம், டோப்பிங் செய்த (வேற்று அணுக்கள் சேர்த்த) குறைக்கடத்தி அந்த அலைநீளத்தில் உலோகம்போல நடந்துகொள்ளும்.

சரி, இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். உலோகத்துக்குள் அலை தேய்கிறது. பக்க எண் 3 என்றால் அலுமினாவுக்குள்ளும் தேய்கிறது (அதன் ஒளிவிலகல் எண் 1.79தான், 3-ஐத் தாங்காது). தேயும் பொருள் ஒன்று, தேயும் பொருள் இன்னொன்று, இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினால் ஓடும் அலை எப்படி வரும்? சராசரி விடுதிறன் இதற்குப் பதில் சொல்லாது, விடையை மட்டும் நீட்டிவிட்டுப் போய்விடும். புளோக் கணக்கில் இறங்கினால்தான் தெரியும்.

அடுக்கு அமைப்பில் ஒரு பீரியட்டை, அதாவது ஒரு வெள்ளியும் ஒரு அலுமினாவும் சேர்ந்த ஜோடியைத் தாண்டும்போது அலையின் கட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதே கேள்வி. அந்தக் கட்டத்தின் கோசைனுக்கு ஒரு சமன்பாடு உண்டு. திடப்பொருளில் எலக்ட்ரானுக்கு கிரோனிக்கும் பென்னியும் 1931-இல் எழுதிய அதே வடிவம், ஒளிக்கு யாரிவும் யேவும் 1977-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவது. விடை −1-க்கும் +1-க்கும் நடுவே விழுந்தால் அலை ஓடும். வெளியே விழுந்தால் அது தடைப்பட்டை.

இரண்டு அடுக்கிலும் அலை தேய்கிறது என்றால் சமன்பாட்டில் சைன், கோசைன் இருந்த இடமெல்லாம் ஹைபர்போலிக் சைன், ஹைபர்போலிக் கோசைன் வந்து உட்காரும். முதல் உறுப்பு இரண்டு ஹைபர்போலிக் கோசைன்களின் பெருக்கல், அது எப்போதும் 1-க்கு மேல்தான். இரண்டாவது உறுப்பு இரண்டு ஹைபர்போலிக் சைன்களின் பெருக்கலோடு ஒரு பொருத்தக் காரணி, அந்தக் காரணியின் குறி இரண்டு விடுதிறன்களின் குறியைப் பொறுத்தது. இரண்டுமே மின்காப்பு என்றால் குறி நேர்மம், இரண்டு உறுப்புகளும் கூடும், விடை 1-க்கு மேலே மேலே போகும், அலை ஓட வழியே இல்லை. ஒன்று உலோகம் என்றால் குறி எதிர்மம். கூட்டல் கழித்தலாகிறது.

ஒவ்வொரு அடுக்கும் 35 நானோமீட்டர், பக்க எண் 3 என்று வைத்து, இழப்பைத் தள்ளிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். முதல் உறுப்பு 8.75. இரண்டாவது 9.10. உலோகம் இருப்பதால் கழிக்க வேண்டும்: −0.35. அவ்வளவுதான், −1-க்கும் +1-க்கும் நடுவே வந்துவிட்டது. உலோகம் இல்லையென்றால் இந்த அளவு எண்கள் கூடி 17, 18 என்று எங்கோ போயிருக்கும். இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுமையாக அடித்துக்கொண்டு மிஞ்சும் சிறு எண்ணில்தான் இந்தப் பொருளின் உயிர் இருக்கிறது.

இதன் பௌதிக அர்த்தம் அழகானது. உலோகமும் மின்காப்பும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் மேற்பரப்பு பிளாஸ்மான் என்ற அலை ஒட்டிக்கொண்டு வாழும். அதன் வால் இரண்டு பக்கமும் தேய்ந்துகொண்டே நீளும். அடுத்த பரப்பு அந்த வால் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்குள்ள பிளாஸ்மானை அது அசைக்கும், அது அதற்கு அடுத்ததை அசைக்கும். இப்படிப் பரப்புக்குப் பரப்பு கைமாறிக்கொண்டு போவதுதான் நாம் பார்க்கும் "ஓடும் அலை". அணுக்கள் நெருங்கி வரும்போது தனித்தனி ஆற்றல் மட்டங்கள் பட்டையாக விரிகிறதே, அதேதான் இது. பிளாஸ்மான் இல்லாமல் இது நடக்காது என்பதால் டிஎம் அலைக்கு மட்டுமே இந்தக் குணம் உண்டு. டிஇ அலைக்கு மின்புலம் அடுக்குகளுக்கு இணையாகவே கிடக்கிறது, அது இணை விடுதிறனை மட்டும் பார்க்கும், அதற்கு அதிபரவளையம் கிடையாது. புராஜெக்டில் தளவிளைவைச் சரியாக வைக்காமல் ஒரு மாதம் தேடியவர்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

சாதாரண ஃபோட்டானிக் கிரிஸ்டலில் நிலைமை தலைகீழ். ஹீலியம்–நியான் லேசரின் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 633 நானோமீட்டருக்கு டைட்டானியம் டையாக்சைடு சுமார் 66 நானோமீட்டர், சிலிக்கா சுமார் 108 நானோமீட்டர், இப்படி எட்டு ஜோடி அடுக்கினாலே 99 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அங்கே ஒவ்வொரு அடுக்கிலும் அலை நன்றாகவே ஓடுகிறது, தேய்வது எதுவும் இல்லை. அடுக்குக்கு அடுக்கு திரும்பும் சிறு சிறு எதிரொளிப்புகள் ஒரே கட்டத்தில் கூடி முன்னே போவதை அடைத்துவிடுகின்றன. ஓடும் அலைகள் சேர்ந்து தடையை உண்டாக்குவது அது. தேயும் அலைகள் சேர்ந்து ஓட்டத்தை உண்டாக்குவது இது. இரண்டும் ஒரே சமன்பாட்டின் இரண்டு மூலைகள், உங்கள் கேள்வியில் இருந்த முரண்பாடு இங்கே கரைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இப்படி அடுக்குகளின் எதிரொளிப்பில் பிறக்கும் நிறம் பற்றிய ஆராய்ச்சி பழையது. ராலே பிரபு 1880-களிலேயே அடுக்கு ஊடகங்களின் அலைகளையும், பொட்டாசியம் குளோரேட் படிகங்கள் ஏன் அப்படி மின்னுகின்றன என்பதையும் எழுதியிருக்கிறார். நம் சர் சி.வி. ராமன் 1930-களில் சிப்பிகளின் உள்பக்க மினுமினுப்பை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். 1987-இல் யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியாக இதை முப்பரிமாணத்துக்கு எடுத்துப் போன பிறகுதான் ஃபோட்டானிக் கிரிஸ்டல் என்பது ஒரு துறையாக வளர்ந்தது.

இப்போது சராசரிக் கணக்கு எங்கே உடைகிறது என்று பார்ப்போம். பக்க எண் 3-க்கு −0.35 வந்தது இல்லையா, அதற்குரிய கட்டம் ஒரு பீரியட்டுக்கு 1.93 ரேடியன். சராசரிக் கணக்கு சொல்வது 0.92 ரேடியன். பாதிகூட இல்லை! 35 நானோமீட்டர் என்பது 365-இல் பத்தில் ஒரு பங்குதான், "பத்தில் ஒன்று இருந்தால் போதும்" என்ற விதிப்படி சராசரிக் கணக்கு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. காரணம், அடுக்கின் தடிமனை வெற்றிட அலைநீளத்தோடு ஒப்பிட்டது தவறு. உள்ளே இருக்கும் அலையின் பக்க எண் 3 என்றால் அதன் வால் நீளமும் அதற்கேற்பக் குட்டையாகிறது, தடிமனை ஒப்பிட வேண்டியது அந்த வால் நீளத்தோடு. 35 நானோமீட்டர் வெள்ளிக்குள் அந்த அலை e-யின் வர்க்கம் மடங்கு, அதாவது ஏழு மடங்குக்கு மேல் தேய்ந்துவிடுகிறது. "மெல்லிய அடுக்கு" என்ற அனுமானம் அங்கேயே போய்விட்டது.

அதே கணக்கை 10 நானோமீட்டர் அடுக்குகளுக்குப் போட்டால் புளோக் கட்டம் 0.281, சராசரி 0.264. ஆறு சதவீத வித்தியாசம், ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது, வரம்பில்லாத பக்க எண். 35 நானோமீட்டர் அடுக்கில் பக்க எண்ணை 3-லிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், 3.5-க்குப் பக்கத்தில் விடை −1-ஐத் தொடுகிறது. புளோக் கட்டம் பை ஆகிவிட்டது, அதற்கு மேல் அது ஏற முடியாது. இந்த இடத்துக்குப் பெயர் பிரில்லுவான் மண்டலத்தின் விளிம்பு. 3.6 போட்டால் −1.16, அலை நின்றுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் திரும்ப ஓடாது. ஆக, சூத்திரம் 300 வரைக்கும் ஓடும் என்று சொன்ன பொருள் உண்மையில் 3.5-இல் நிற்கிறது. 10 நானோமீட்டர் அடுக்கில் இதே எல்லை சுமார் 15-க்குப் போகிறது. அதிபரவளையத்தின் இரண்டு கைகளும் முடிவில்லாமல் விரிவதாகப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள், அது அடுக்குத் தடிமன் பூஜ்ஜியம் ஆகும் கற்பனைப் பொருளின் படம். கையில் இருக்கும் பொருளில் அந்தக் கைகள் வளைந்துபோய் ஓர் இடத்தில் வெட்டுப்படுகின்றன, அந்த இடத்தைத் தீர்மானிப்பது பீரியட்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பரிசோதனையில் இது நேரடியாகக் கைக்கு வருகிறது. பெர்க்லியில் ஷியாங் ஜாங் குழுவினர் 2007-இல் செய்து காட்டிய ஹைப்பர்லென்ஸ், வெள்ளியும் அலுமினாவும் தலா 35 நானோமீட்டராக, குவார்ட்ஸில் அரை உருளையாகக் குடைந்த பள்ளத்தில் வளைந்து வளைந்து அடுக்கப்பட்டது. ஒளி 365 நானோமீட்டர். உள்பக்கம் குரோமியப் படலத்தில் 35 நானோமீட்டர் அகலக் கோடுகள் இரண்டை 150 நானோமீட்டர் இடைவெளியில் வரைந்தார்கள். வழக்கமான நுண்நோக்கியில் கலங்கிப் போகும் அந்த ஜோடி, ஹைப்பர்லென்ஸ் வழியாகப் பிரிந்து தெரிந்தது. ஏன் வளைத்தார்கள் என்பதற்கு மேலே சொன்ன 8 பாகைதான் பதில். ஆற்றல் அடுக்குக்குக் குறுக்கே நேராகப் போகும் என்பதால், அடுக்கு உருளையாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் ஆரத்தின் வழியே வெளியே விரிந்துகொண்டு போகும். பக்கத்துக் கோடுகள் இரண்டும் விலகிக்கொண்டே போய், வெளிப்பரப்பை எட்டும்போது பக்க எண் 1-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது சாதாரண அலையாக வெளியே வந்துவிடும், வழக்கமான லென்ஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். பெண்ட்ரி 2000-இல் சொன்ன மெல்லிய வெள்ளித் தகடு தேயும் அலைகளை மறுபக்கத்துக்குக் கடத்தும், ஆனால் அங்கேயும் அவை தேயும் அலைகளாகவே இருக்கும். உருப்பெருக்கம் இல்லை. ஹைப்பர்லென்ஸ் அந்தக் குறையைத் தீர்த்தது. பரிசோதனைக்கு ஓராண்டு முன்பே, 2006-இல் ஜேக்கப், அலெக்செயேவ், நரிமனோவ் மூவரும் ஒரு பக்கம், சாலண்ட்ரினோவும் எங்கெட்டாவும் இன்னொரு பக்கம் இந்த யோசனையை எழுதியிருந்தார்கள்.

150 நானோமீட்டருக்குத் தேவையான பக்க எண் 2.43. தட்டையான அடுக்குக்கு நாம் போட்ட எல்லை 3.5, அதாவது 104 நானோமீட்டர் இடைவெளி. உருளைக்கு எண் கொஞ்சம் மாறும் என்றாலும், 35 நானோமீட்டர் அடுக்கை வைத்துக்கொண்டு 50 நானோமீட்டர் இடைவெளியை யாரும் எதிர்பார்க்க முடியாது என்பது இந்தக் கையடக்கக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்புறம், இழப்பு, அதாவது உலோகம் ஒளியை விழுங்குவது. இதைத் தள்ளிவிட்டு எழுதிய எந்தக் கணக்கும் பாதிக் கணக்குதான். வெள்ளியின் கற்பனைப் பகுதி 0.25 என்பது சின்ன எண்போலத் தெரியும். ஆனால் இணை விடுதிறன் 0.4 என்பதே இரண்டு பெரிய எண்கள் அடித்துக்கொண்டு மிஞ்சியது, அதில் 0.125 கற்பனைப் பகுதி சேர்ந்தால் விகிதம் எங்கேயோ போய்விடுகிறது. நேராக விழும் அலைக்கே செறிவு சுமார் 300 நானோமீட்டரில் 37 சதவீதமாகிறது. பக்க எண் 3 கொண்ட அலைக்குச் சராசரிக் கணக்கின்படியே அந்தத் தூரம் சுமார் 170 நானோமீட்டர். அரை மைக்ரான் தடிமனைக் கடந்தால் முன்னதில் 18 சதவீதமும் பின்னதில் ஐந்தாறு சதவீதமும்தான் மிஞ்சும். நுணுக்கமான தகவலைச் சுமக்கும் அலை எதுவோ, அதுதான் முதலில் சாகிறது. பிரில்லுவான் விளிம்பை நெருங்கினால் ஆற்றல் நகரும் வேகம் குறைகிறது, அலை உலோகத்துக்குள் அதிக நேரம் கிடக்கிறது, இன்னும் மோசம். இந்தத் துறையில் இருபது ஆண்டாகப் பேசிய பல சாதனங்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே வராததற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து.

அப்படியானால் அடுக்கை மெலிதாக்கிக்கொண்டே போக வேண்டியதுதானே? முடிந்தால் செய்யலாம். வெள்ளியை ஆவியாக்கிப் படிய வைக்கும்போது அது முதலில் படலமாகப் பரவாது, தீவு தீவாகத்தான் வளரும். பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர் வந்த பிறகுதான் தீவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தொடர்ச்சியான படலமாகும். அதற்குக் கீழே நிறுத்தினால் கிடைப்பது அடுக்கல்ல, வெள்ளித் துளிகளின் கூட்டம், அதன் விடுதிறன் வேறு. கண்ணாடித் துண்டை வெளியே எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: தொடர்ச்சியான படலம் என்றால் வழியாகப் பார்க்கும்போது நீலம் தட்டும், தீவுகள் என்றால் மஞ்சள், ஆரஞ்சு என்று ஒரு கறைபோலத் தெரியும். அடியில் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஜெர்மேனியம் போட்டால் வெள்ளி நன்றாக ஒட்டிப் பரவும், பரப்பு வழவழப்பாகும், ஆனால் ஜெர்மேனியம் தன் பங்குக்கு ஒளியை விழுங்கும். எதையும் இலவசமாக வாங்க முடியாத வேலை இது.

இதுவரை பார்த்தது முதல் வகை, அதாவது குறுக்கு விடுதிறன் எதிர்மம். இணை விடுதிறன் எதிர்மமானால் இரண்டாம் வகை. 500 நானோமீட்டரில் வெள்ளி சுமார் −10, டைட்டானியம் டையாக்சைடு சுமார் 6 என்று வைத்தால் இணை விடுதிறன் −2, குறுக்கு விடுதிறன் 30. இதில் பக்க எண் 5.5-க்குக் கீழே எதுவும் ஓடாது. வெளியிலிருந்து விழும் ஒளியின் பக்க எண் 1-ஐத் தாண்டாது என்பதால், பார்ப்பதற்கு அது உலோகம்போலப் பளபளப்பாகத் திருப்பி அனுப்பிவிடும். பக்க எண் பெரிதாக உள்ள அலைகள் மட்டும் உள்ளே போகலாம் என்றால், அவற்றை யார் தருவது? பரப்புக்குப் பக்கத்தில், சில பத்து நானோமீட்டருக்குள் இருக்கும் ஓர் ஒளிரும் மூலக்கூறோ குவாண்டம் டாட்டோ (ஒளிரும் நானோ அளவுக் குறைக்கடத்தித் துகள்) தரும். அவற்றைச் சுற்றியுள்ள அண்மைப் புலத்தில் எல்லாப் பக்க எண்களும் இருக்கின்றன, வழக்கமாக அவை எங்கும் போகாமல் தேய்ந்துவிடும். இங்கே அவற்றுக்கு வழி திறக்கிறது. வழிகள் கூடினால் கிளர்ந்த நிலையில் இருக்கும் குவாண்டம் டாட் சீக்கிரம் ஆற்றலைக் கொட்டிவிடும், ஆயுள் குறையும். பர்செல் 1946-இல் சொன்ன விளைவுதான் இது. 2012-இல் ஹரீஷ் கிருஷ்ணமூர்த்தி, வினோத் மேனன், ஸுபின் ஜேக்கப் முதலானோர் வெள்ளி–டைட்டானியம் டையாக்சைடு அடுக்கின் மேல் குவாண்டம் டாட்டுகளைப் பரப்பி, நீள்வட்டம் அதிபரவளையமாகத் திறக்கும் அலைநீளத்தைத் தாண்டும்போது ஆயுள் குறைவதை அளந்து காட்டினார்கள். எல்லா அலை எண்களும் ஓடும் என்ற சூத்திரப்படி போனால் ஆயுள் பூஜ்ஜியமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஆகவும் ஆகாது. வழிகளின் எண்ணிக்கைக்கு எல்லை போடுவதில் இங்கேயும் பீரியடுக்குப் பங்கு உண்டு, இழப்புக்கும், குவாண்டம் டாட் பரப்பிலிருந்து இருக்கும் தூரத்துக்கும் பங்கு உண்டு.

பீரியட் தொல்லையே இல்லாத பொருள் வேண்டுமென்றால் இயற்கையே ஒன்று தந்திருக்கிறது: அறுகோண போரான் நைட்ரைடு. அதன் அணு அடுக்குகள் 0.33 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, அகச்சிவப்பு அலைநீளத்தோடு ஒப்பிட்டால் பீரியட் பூஜ்ஜியம் என்றே சொல்லலாம். 12–13 மைக்ரான் அருகே முதல் வகை, 6–7 மைக்ரான் அருகே இரண்டாம் வகை, இரண்டும் ஒரே படிகத்தில். எலக்ட்ரான்களுக்குப் பதில் அயனிகளின் அதிர்வுதான் அங்கே எதிர்ம விடுதிறனைத் தருகிறது, அதனால் இழப்பு வெள்ளியைவிட மிகக் குறைவு. 2014-இல் வந்த பரிசோதனைகளுக்குப் பிறகு இந்தத் துறையின் கவனம் அந்தப் பக்கம் நன்றாகவே திரும்பிவிட்டது. என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் வெள்ளி அடுக்கைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டு, வாசிப்புக்கு போரான் நைட்ரைடை வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் புராஜெக்டுக்கு: அலையை அடுக்கு அடுக்காகக் கடத்திக் கணக்கிடும் டிரான்ஸ்ஃபர் மேட்ரிக்ஸ் நிரலைத்தான் எழுதுங்கள், சராசரிக் கணக்கைப் பக்கத்தில் ஒப்பிடுவதற்கு மட்டும் வையுங்கள். அடுக்கு வெள்ளியில் தொடங்குகிறதா அலுமினாவில் தொடங்குகிறதா என்பது சராசரிக் கணக்குக்குத் தெரியாது, நிஜ அடுக்கில் அது விடையை மாற்றும், அதனால் இரண்டு வரிசையிலும் ஓட்டிப் பாருங்கள். தடிமனான அடுக்குகளில் எக்ஸ்பொனென்ஷியல்கள் பெரிதாகி எண் சிதறினால் உள்ளே வரும் அலைகளையும் வெளியே போகும் அலைகளையும் இணைக்கும் ஸ்கேட்டரிங் மேட்ரிக்ஸுக்கு மாறிவிடுங்கள். அப்புறம் ஒன்று, ஆழ எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கும்போது நிரல்மொழி தரும் மூலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அலை உள்ளே போகப் போகத் தேய வேண்டும், ஆகவே கற்பனைப் பகுதி நேர்மமாக இருக்கும் மூலத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் வகையில் அப்படி எடுத்தால் மெய்ப்பகுதி எதிர்மமாக வரும்; பிழை என்று நினைத்துக் குறியை மாற்றிவிடாதீர்கள், அங்கே ஆற்றல் உள்ளே போகும்போது அலை முகங்கள் உண்மையிலேயே வெளியே வந்துகொண்டிருக்கின்றன.